கிண்ணம் தாண்டிப்போன மத்தியானம்

மக்களே, முதல்லயே ஒரு காரியம் சொல்லிருதேன். எனக்கு மூளையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. முப்பது வருஷமா வீடு வீடா ஏறி இறங்கி சர்வே எடுத்தவ நான். கக்கூஸ் உண்டா, கிணறு உண்டா, பிள்ளைய எத்தனைன்னு கேட்டுக் கேட்டு, எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும்னு வேணும்னா சொல்லுவேன். கடைசி ஏழு வருஷம்தான் இந்தத் தொடுதிரை டேப்பும், மூளை அலையைப் பிடிக்குத தொப்பியும். நீங்க எல்லாம் படிச்சிட்டு வந்திருக்கிய. எந்த அலை எங்க எழும்பும், எங்க அடங்கும்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் கதைக்கு நான் வரல்ல. ரிட்டயர்டு ஆன பொம்பளையைக் கூப்பிட்டு முன்னால உட்கார வச்சா, அவ தான் செய்த தப்பைத்தான் சொல்லுவா. நல்லது செய்ததை எல்லாம் ரிப்போர்ட்ல எழுதியாச்சு.

சின்னத் தப்புல ஆரம்பிக்கேன். தோவாளையில எங்களுக்கு முதல் கேம்ப். தலையில தொப்பி மாட்டி, கையில டேப்பைக் குடுத்து, ஆப்ல விளையாட வைக்கணும். வந்த பொம்பளைய எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தமாதிரி தலை நிறைய தேங்காயெண்ணெய், அதுக்கு மேல ஒரு முழம் பிச்சிப்பூ. தொப்பி எங்க பிடிக்கும்? லேப்டாப்ல ஓடுத அலை வரையில வெறும் கிறுக்கல். நான் மறுநாள் எல்லாருக்கும் போன் போட்டு, "எண்ணெய் வைக்காதீங்க, பூவும் வேண்டாம்"னு கண்டிசனா சொல்லிட்டேன். பாதிப் பேரு வரல்ல. ஒருத்தி மட்டும் போன்ல என்னைப் பிடிச்சு வாங்கினா. "எண்ணெயும் இல்லாம பூவும் இல்லாம வெளிய இறங்கினா, உங்க வீட்டுல யாரு செத்தான்னு கேப்பாவ. உங்களுக்கு விளையாட்டு, எனக்கு என்ன தலையெழுத்தா?"

அதைக் கேட்டுட்டு எங்க டாக்டர் சிரிச்சாவ. மறுநாள் கேம்ப் வாசல்ல ரெண்டு பக்கெட் தண்ணி, ஒரு சரம் ஷாம்பூ பாக்கெட். வாரவ எண்ணெயோட வரட்டும், இங்க முடியை அலசிட்டு ஆடட்டும், போகும்போது எண்ணெயும் நாம குடுப்போம், பூவும் நாம குடுப்போம். பூவுக்குத் தோவாளையில பஞ்சமா? முடிஞ்சுது காரியம். அவிய பழக்கத்தை மாத்தாம நம்ம வேலையை எப்படிச் செய்யலாம்னு யோசிக்கணும். இது எனக்கு அன்னைக்கே வெளங்கியிருக்கணும். வெளங்கல்ல.

எங்க டாக்டர் பேரை நான் சொல்லமாட்டேன், சொன்னா அவியளுக்குப் பிடிக்காது. என்னைவிடப் பதினெட்டு வயசு இளையவங்க. நான் ஆபீஸ்ல சேர்ந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க வாய் நல்ல வாய். யாரையும் பேசிச் சம்மதிக்க வச்சிருவீங்க. அதுதான் எனக்குப் பயம்"னு சொன்னாவ. எனக்கு ரெண்டு நாள் முகம் கடுகடுன்னு இருந்து. பயப்பட என்ன இருக்கு, என் வாயாலதான இத்தனை வருஷம் சர்வே நடந்துன்னு மனசுக்குள்ள ஏசிக்கிட்டேன். அந்த வாய் என்ன செய்துன்னு இனி கேளுங்க.

ஆப்ல ஒரு ஆட்டம் உண்டு. ஸ்கிரீன்ல மூணு பேரு இருப்பாவ, அதுல ஒண்ணு நீங்க. மத்த ரெண்டு பேரும் உங்களுக்குப் பந்து போடுவாவ. நீங்க தொட்டு யாருக்கு வேணும்னாலும் போடலாம். ஒரு நிமிசம் எல்லாம் ஒழுங்கா நடக்கும். பொறவு பையப் பைய உங்களுக்கு வரது நிக்கும். அவிய ரெண்டு பேரும் தங்களுக்குள்ளயே போட்டுக்கிட்டு இருப்பாவ. மொத்தம் மூணே நிமிசம். ஒதுக்கி வச்ச மனுசனுக்கு அந்த நேரம் மூளையில என்ன நடக்குதுன்னு தொப்பி பிடிச்சிரும். ஆனா உண்மையில அந்த ரெண்டு பேரு கிடையாது, ஆப்தான் ஆடுது. இதை அப்போ சொல்லமாட்டோம். அந்த இடத்துல எல்லாரும் ஆடி முடிச்ச பொறவு, ஒரு கூட்டம் போட்டு மொத்தமா விளக்கம் சொல்லுவோம். அந்தக் காலத்து முறை அது.

மேற்க திருவட்டாறு பக்கம் ஒரு அண்டியாபீஸ் எங்களுக்குக் கிடைச்சுது. கொல்லாங்கொட்டையை, அதான் முந்திரியை, வறுத்து, உடைச்சு, தொலி உரிச்சுப் பருப்பாக்குத கம்பெனியை அங்க அப்படித்தான் சொல்லுவாவ. நாப்பது பொம்பளைய பேரு குடுத்திருந்தாவ. முதல்ல ரெண்டு பேருக்கு ஆட்டத்தை வச்சுப் பாத்தோம். பந்து வரல்லேன்னதும் ஒருத்தி கொட்டாவி விட்டா. இன்னொருத்தி, "நல்லதாப் போச்சு, எனக்கு இடுப்பு வலி"ன்னா. அவியளுக்குப் பந்து வந்தா என்ன, வராட்டா என்ன?

அன்னைக்கு மத்தியானம் அவியகூட உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்க ஒரு முறை உண்டு, கேளுங்க. வட்டமா உட்காருவாவ. சோறு அவரவருக்கு. கறி எல்லாருக்கும். ஒவ்வொருத்தியும் தான் கொண்டு வந்த கறியைக் கிண்ணத்துல விட்டு அடுத்தவகிட்ட குடுப்பா. அவ ஒரு கரண்டி எடுத்துட்டு அடுத்தவகிட்ட நீட்டுவா. எட்டுப் பேரு இருந்தா எட்டுக் கிண்ணமும் சுத்தி வரும். ஒரு கிண்ணம் ஒருத்தியைத் தாண்டிப் போச்சுன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு அவளுக்கு நோன்பு, இல்லன்னா அவகூடப் பிணக்கு. வாயால சண்டை போடவே வேண்டாம். கிண்ணம் தாண்டினாப் போதும், அண்டியாபீஸ் முழுசும் தெரிஞ்சிரும்.

எனக்குப் பொறி தட்டிச்சு. டாக்டருக்குப் போன் போட்டு, "பந்தை எடுத்திருங்க. கறிக்கிண்ணம் வையுங்க"ன்னேன். "அக்கா, பந்து வரல்லேன்னா அது ஆட்டம். கிண்ணம் வரல்லேன்னா அது ஆட்டம்தானா?"ன்னு கேட்டாவ. "அதுதான டாக்டர் நமக்கு வேணும்? பக்கத்துல போனாத்தான உண்மை தெரியும்"னு நான் அடிச்சுப் பேசினேன். எத்திக்ஸ் கமிட்டிகிட்ட அனுமதி வாங்கி, படத்தை மாத்தி அனுப்பும்போதும் ஒண்ணுதான் சொன்னாவ. "ஸ்கிரிப்டுக்கு வெளிய ஒரு வார்த்தை பேசப்பிடாது. சம்மதமா?" சம்மதம்னேன். கிண்ணத்தை மாத்தின பெருமையில என் கால் தரையில இல்ல, அது வேற விசயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில இருந்து மழை, ரெண்டு தரம் கரண்டு போயாச்சு. அன்னைக்கு அஞ்சாவது ஆளா வந்தவ தங்கபாய். அம்பத்திரண்டு வயசு. இருவத்திரண்டு வருஷமா அதே ஆபீஸ்ல பருப்புக்குத் தொலி உரிக்கா. முடியை அலசி முடிச்சு, நான் தொப்பி மாட்டுத வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தா. மக குவைத்துல நர்ஸ். வீட்டுக்காரர் தவறிட்டாரு. வலது கண்ணுல புரை முத்திப்போச்சு, இடதும் மங்கல். கத்தி தப்பிப் பருப்பு உடையுதுன்னு மானேஜர் ஏசுதாரு, இந்த மாசத்தோட வேற ஆளைப் பாப்பேன்னுட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு இலவசக் கண் முகாமுக்குப் பஸ் வருது, நாகர்கோவில்ல ஆப்பரேசன். கூட ஒரு ஆள் இருந்தாத்தான் ஏத்துவாவளாம்.

"அதுக்கென்ன, எனக்க ஓமனா வாரா"ன்னா. சொல்லும்போதே முகம் தெளிஞ்சு. ஓமனா அடுத்த அறையில தன் முறைக்குக் காத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரும் இருவத்திரண்டு வருஷமா பக்கத்துப் பக்கத்து இருப்பு.

நான் ஸ்கிரிப்டை வாசிச்சேன். "உங்களைப் போல வேறு இரண்டு பேர் உங்களுடன் ஆடுகிறார்கள்."

"அது யாரு டீச்சரே?"ன்னு கேட்டா. அந்தப் பக்கம் நோட்டும் பேனாவுமா யாரு போனாலும் டீச்சர்தான்.

"உங்களைப் போல வேறு இரண்டு பேர்"னு திரும்பவும் வாசிச்சேன்.

"அது மனசிலாச்சு. ஆளு யாருன்னு தெரியாம யாருக்குக் கறி குடுக்க?"

நியாயமான கேள்விதான! மணி ஆயாச்சு, கரண்டு எப்போ போகும்னு தெரியாது, இன்னும் மூணு பேரு பாக்கி. நான் தாடையால அடுத்த அறையைக் காட்டி, "எல்லாம் நம்ம ஆளுகதான்"னேன். அவ்வளவுதான் மக்களே. மூணு வார்த்தை.

தங்கபாய் சிரிச்சா. "ஓமனாவா? அப்போ எனக்குத்தான் முதல்ல வரும், பாருங்க."

முதல்ல வரவும் செய்து. நாலஞ்சு தரம் வந்து. பொறவு நின்னு போச்சு. அவ டேப்பைக் கண்ணுகிட்ட பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சா. மெதுவா, ஸ்கிரீனைப் பாத்து, "ஏட்டி ஓமனா, இங்க"ன்னு கூப்பிட்டா. கொஞ்சம் கழிச்சுத் திரும்பவும், "ஏட்டி." நான் கேட்டேன். கேக்கல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா நான் அவ முகத்தைப் பாக்கல்ல, என் லேப்டாப்ல வரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மாடி, என்ன அலை! எத்தனை மாசமா இதுக்காகத்தான அலைஞ்சோம்னு எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. கிண்ணம்னு சொன்ன என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன். நாசமாப் போன புத்தி.

ஆட்டம் முடிஞ்சதும் தங்கபாய் தொப்பியைத் தானே கழட்டி வச்சா. "நான் போகட்டா டீச்சரே?"ன்னு கேட்டுட்டு, ஓமனா இருந்த அறை வழியா போகாம, பின்வாசல் வழியா மழையில இறங்கிப் போயிட்டா.

மறுநாள் மத்தியானம் வட்டத்துல ஒரு இடம் காலி. தங்கபாய் தூரமா, பம்பு செட்டு பக்கத்துல திரும்பி உட்கார்ந்து வெறும் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. ஓமனா தான் கொண்டு வந்த உள்ளித்தீயல் கறிக்கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போய் நீட்டினா. தங்கபாய் தட்டைக் கையால மூடிக்கிட்டா. ஆபீஸே பாத்துக்கிட்டு இருந்து. ஓமனா கிண்ணத்தோட திரும்பி வந்து எங்கிட்ட உட்கார்ந்தா.

"டீச்சரே, அக்கா உங்ககிட்ட எதாம் சொன்னாவளா? பஸ்ஸுக்கு வரல்லேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டாவளாம். நான் என்ன தெற்று செய்தேன்னு எனக்கு ஓர்மை இல்ல. நேத்து காலையில கூட நல்லாத்தான பேசினாவ."

நான் என்ன செய்தேன்னு நினைக்கிய? உடனே உண்மையைச் சொல்லியிருப்பேன்னா? இல்ல. கரண்டு போனதுல முறை தள்ளிப்போன ஓமனாவையும் சேத்து, நாப்பதுல பத்தொன்பது பேரு இன்னும் ஆடல்ல. விளக்கக் கூட்டம் சனிக்கிழமை. இப்போ வாயைத் திறந்தா மத்த பத்தொன்பதும் போச்சு. அதனால என் நல்ல வாயை இன்னொரு தரம் திறந்தேன். தங்கபாய்கிட்ட போய், "நேத்து ஆட்டத்துல நெட்வொர்க் கோளாறு. அதுதான் உங்களுக்குக் கிண்ணம் வரல்ல"ன்னேன்.

அவ என்னை நிமிர்ந்து பாத்தா. அந்தப் புரை விழுந்த கண்ணு எனக்கு இப்பவும் ஓர்மையில உண்டு. "அவிய ரெண்டு பேருக்கும் இடையில நல்லாத்தான போச்சு டீச்சரே. நெட்வொர்க் எனக்கு மட்டும்தான் போச்சோ?" அவளே தொடர்ந்து சொன்னா. "எனக்குக் கண்ணு தெரியாம ஆனப்பொறவு எனக்க பருப்பையும் சேத்து அவதான் பொறுக்கிப் பாக்கா. எத்தனை நாளைக்குத்தான் பாப்பா? மடுத்திருக்கும், சலிச்சுப் போயிருக்கும். வாயால சொல்ல முடியல்ல, ஆட்டத்துல காட்டிட்டா. மடுத்தவளைக் கூப்பிட்டுக்கிட்டு நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

பாத்தியளா? நாம மூணு நிமிசம் ஒண்ணு காட்டுதோம். அதுக்கு அர்த்தம் அவிய தங்களுக்க மொத்த வாழ்க்கையில இருந்து எடுத்துக்கிடுதாவ. தங்கபாய் மனசுல அந்தப் பயம் ஏற்கெனவே கிடந்திருக்கு. அதுக்கு நான்தான் சாட்சி சொன்ன மாதிரி ஆகிப்போச்சு.

டாக்டருக்குப் போன் போட்டேன். எடுக்கல்ல. மெசேஜ் அனுப்பினேன், போகல்ல. ஏதோ வெளிநாட்டுக்குப் பிளேன்ல போய்க்கிட்டு இருக்காவன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாவ. அன்னைக்குச் சாயங்காலம் திருவட்டாறு ஸ்டாப்புல நின்னேன். எனக்க பஸ் மூணு போச்சு, ஏறத் தோணல்ல. சனிக்கிழமை எல்லாம் சொல்லிரலாம், சொன்னா சரியாயிரும். ஆனா கண்ணுக்குப் பஸ் வெள்ளிக்கிழமையே போயிரும். அடுத்த முகாம் எப்போன்னு யாருக்கும் தெரியாது. தங்கபாய்கிட்ட மட்டும் சொல்லி, யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கலாமா? அண்டியாபீஸ்ல ரகசியமா! உப்பைத் தண்ணியில போட்டுட்டுக் கரையாதேன்னு சொன்ன மாதிரி. அதுவும் போகட்டும், ஓமனாவுக்கு யாரு சமாதானம் சொல்லுவா? பத்தொன்பது பேரோட அலை ஒரு பக்கம், ஒரு பொம்பளையோட கண்ணு ஒரு பக்கம். இப்போ சொல்லும்போது சுலபமாத் தெரியுது, இல்லியா? அன்னைக்கு நான் மூணு பஸ்ஸை விட்டேன், அதை மறக்காதீங்க.

வியாழக்கிழமை மத்தியானம், வட்டத்துல கறி எடுத்து வைக்கதுக்கு முன்னால, நான் எழும்பி நின்னேன். தங்கபாய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்திக்கிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஆட்டத்துல ஆளே இல்ல, மெஷின்தான் ஆடுது, யாரு ஆடினாலும் கிண்ணம் நிக்கும். ஓமனா அதுல இல்லவே இல்ல. நம்ம ஆளுகதான்னு நான் சொன்னது பொய். நெட்வொர்க்னு சொன்னதும் பொய்.

தங்கபாய் அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. "மெஷினா? ஒரு மெஷினுக்காகவா நேத்து நான் வெறுஞ்சோறு தின்னேன்?" ரெண்டு மூணு பேரு சிரிச்சிட்டாவ. எனக்கும் உயிர் வந்து. முடிஞ்சுது, சேர்ந்துருவாவன்னு நினைச்சேன்.

ஓமனா சிரிக்கல்ல. "அக்கா, இருவத்திரண்டு வருஷம் எனக்க கையால வாங்கித் தின்னிய. மூணு நிமிசம் ஒரு ஸ்கிரீன் சொன்னதை நம்பிட்டிய. ஏட்டி, நீ எனக்குத் தரல்லியான்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியளா?" கண்ணு நிறைஞ்சு வழிஞ்சு. அவ துடைக்கல்ல.

தங்கபாய் அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா. "மெஷின் பொய் சொல்லாதுன்னு நினைச்சேன்ட்டி. டீச்சர் பொய் சொல்லமாட்டாவன்னு நினைச்சேன்."

மக்களே, என் ஜென்மத்துல என்னை யாரும் அப்படி அடிச்சதில்ல. அவ என்னைக் குத்தம் சொல்லவே இல்ல. நடந்ததைச் சொன்னா, அவ்வளவுதான்.

ஓமனா உட்கார்ந்தா. அக்காவைப் பக்கத்துல இழுத்து உட்கார வச்சா. என்னையும் பாத்து, "இருங்க டீச்சரே, சாப்பிடுவோம்"னா. நான் ஓமனாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கிண்ணங்கள் சுத்த ஆரம்பிச்சுது. முதல்ல சாளை மீன்கறி. ஓமனா கைக்கு வந்து. அவ என் தலைக்கு மேல நீட்டி அடுத்தவகிட்ட குடுத்தா. தவறிப் போச்சுன்னு நினைச்சேன். ரெண்டாவது பயித்தங்கறி. அதுவும் தாண்டிப் போச்சு. யாரும் என்னைப் பாக்கல்ல. எல்லாரும் சத்தமில்லாம சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காவ. மூணாவது உள்ளித்தீயல். அதுவும் தாண்டிச்சு.

நான் எத்தனை நூறு பேருக்கு இதை வச்சுப் பாத்திருக்கேன்! ஆப்தான், ஆட்டம்தான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இதை ஓமனா வேணும்னே செய்யுதான்னு எனக்கு நல்லாத் தெரியும். காரணமும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் காது சுட்டுது. வெறுஞ்சோத்தை வாயில வைக்க முடியல்ல. அம்பத்தாறு வயசுல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்து.

தீயல் கிண்ணம் ஒரு சுத்துச் சுத்தி ஓமனாகிட்டயே திரும்பி வந்து. அவ கரண்டி நிறைய கோரி என் சோத்துல விட்டா. இன்னொரு கரண்டியும் விட்டா. பொறவு என் முகத்தைப் பாத்துக் கேட்டா.

"எப்படி இருந்து டீச்சரே? அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதினேன். எனக்க நோட்டுல அந்தத் தேதியில அது இப்பவும் உண்டு. அங்க இருந்து கிளம்புததுக்குள்ள டாக்டர் போன் வந்து. நான் மறைக்காம ஒப்பிச்சேன். இந்த இடம் போச்சு டாக்டர், பத்தொன்பது பேரும் போச்சு, ஆடின இருவத்தொண்ணும் இனி எடுக்க முடியுமான்னு தெரியல்ல, என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்கன்னேன். "அந்தம்மா நாளைக்குப் பஸ்ஸுல ஏறுவாங்களா?"ன்னு கேட்டாவ. ஏறுவாவன்னேன். "சரி அக்கா. மத்தது நான் வந்து பாத்துக்கிடுதேன்."

சும்மா சொல்லல்ல, வந்தாவ. அண்டியாபீஸ்ல எல்லாரு முன்னாலயும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாவ. எனக்கு விழவேண்டியது தனியா விழுந்து, அதை உங்ககிட்ட சொல்லமாட்டேன். அந்தக் கிண்ணத்தை ஆப்ல இருந்து எடுத்தாச்சு. ஆட்டம் முடிஞ்ச உடனே, தொப்பியைக் கழட்டுததுக்கு முன்னால, அதே இருப்புல விளக்கம் சொல்லணும்னு முறையை மாத்தினாவ. இன்னைக்கு நீங்க செய்யுதது அதுதான். நேரம் இழுக்குதுன்னு நேத்து ஒரு பிள்ளை சலிச்சுக்கிட்டா. ஏட்டி மக்கா, அந்த நேரம் எங்க இருந்து வந்துன்னு இப்போ மனசிலாச்சா? விளக்கம் சொல்லும்போது லேப்டாப்பை மூடிருங்க. வரை எங்கயும் ஓடிப்போகாது. முகத்தைப் பாருங்க. அவசரத்துல நாக்கு நீளும், அப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்கிரிப்டை மட்டும் வாசிங்க. அதுக்கும் மீறித் தப்பு நடந்தா, ரெண்டாவது பொய்யை மட்டும் சொல்லாதீங்க. முதல் பொய்யை ஆளுக மன்னிச்சிருவாவ.

வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாப்புக்கு நான் போனேன். யாரும் கூப்பிடல்ல, நானாத்தான் போனேன். தங்கபாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தா, தலையில எண்ணெய் பளபளன்னு. ஓமனா அவகூட இன்னும் முகம் குடுத்துப் பேசல்ல. ஆனா பையைப் பிடிச்சுக்கிட்டு, சீட்டைத் துடைச்சு விட்டு, எல்லாம் அவதான். "கண்ணு தெளியட்டும் அக்கா. ஒனக்கு வச்சிருக்கேன்"னு ஒரு வார்த்தை மட்டும் என் காதுல விழுந்து. எப்பவும் மரியாதையாப் பேசுதவளை, கோவம் அக்காவை ஒனக்குன்னு பேச வச்சிருக்கு. தங்கபாய் தலையை ஆட்டினா. ஏச்சு வாங்குததுக்கு அப்படிச் சந்தோசமாத் தலையாட்டின ஆளை நான் பாத்ததில்ல.

பஸ் கிளம்பும்போது ஓமனா ஜன்னல் வழியா ஒரு மூடி போட்ட கிண்ணத்தை நீட்டினா. "இந்தாங்க டீச்சரே. நேத்து நீங்க ஒழுங்கா தின்னல்ல. கிண்ணம் எனக்குத் திரும்ப வேணும், கேட்டியளா?"

அந்த ஸ்டாப்புலயே நின்னு தின்னேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். கண்ணுல தண்ணி ஊத்திச்சு, எரிப்புன்னு பக்கத்துல நின்னவருகிட்ட சொன்னேன். அதுவும் பொய்தான், கணக்குல சேத்துக்கிடுங்க.

நம்ம பக்கத்துல பாத்திரத்தை வெறுமையா திருப்பிக் குடுக்கப்பிடாதுல்லா. வீட்டுக்குப் போய் அவியல் வச்சு, அதே கிண்ணத்துல எடுத்துக்கிட்டு, சாயங்காலம் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். தங்கபாய்க்கு வலது கண்ணுல கட்டு. ஓமனா கட்டிலுக்குக் கீழ தரையில உட்கார்ந்து கஞ்சியை ஆத்திக்கிட்டு இருந்தா. நானும் தரையில உட்கார்ந்தேன். மூணு பேரு. டேப்ல காட்டுதோம்லா, அதே மாதிரி.

கிண்ணத்தை ஓமனாகிட்ட குடுத்தேன். அவ ஒரு கரண்டி எடுத்துட்டு, மேல அக்காகிட்ட நீட்டினா. தங்கபாய் மங்கின கண்ணால ஓமனாவைப் பாத்தா, கிண்ணத்தைத் தடவி வாங்கினா, ஒரு கரண்டி எடுத்தா. பொறவு அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நான் எங்க இருக்கேன்னு தேடி, சரியா என் பக்கம் நீட்டினா.

"டீச்சரே, பிடிங்க."